கன்று வீசும் பசுவும் நமது குடும்பமும்

இடம்பெயர்ந்து வந்த குடும்பம் மீண்டும் காலூன்ற முயலும்போது ஒரு பசுவைத் தேடுவது இயல்பு. பால் பிள்ளைகளுக்கு, மிஞ்சியது விற்பனைக்கு, சாணம் உருளைக்கிழங்குப் பாத்திக்கு. வெலிமடைப் பகுதியில் பசு என்பது ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு. அது ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டால் பெரும் இழப்பு. காரணம் புரூசெல்லோசிஸ் என்னும் தொற்று நோயாக இருந்தால், இழப்பு அத்துடன் நிற்பதில்லை. இம்முறை அந்நோயைப் பற்றிப் படிப்போம்.

நோய் எங்கே உள்ளது?

2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இலங்கையில் பரிசோதிக்கப்பட்ட மாடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 இல் இத்தொற்றின் அடையாளம் காணப்பட்டது. மந்தையாகத் திறந்தவெளியில் மேயும் உலர் வலயத்தில் ஆபத்து கூடுதல். கொட்டிலில் கட்டி வளர்க்கும் மலைநாட்டில் குறைவு. ஆயினும், வெளியிடத்தில் வாங்கிய மாட்டுடன் நோயும் மலையேறி வரலாம்.

எப்படிப் பரவுகிறது?

வீசிய கன்று, இளங்கொடி, ஈன்றபின் வடியும் நீர் ஆகியவற்றில் கிருமி ஏராளமாக உண்டு. அவை பட்ட புல்லையும் தண்ணீரையும் உட்கொள்ளும் மாடு நோயைப் பெறுகிறது. கடும் வெயிலில் கிருமி விரைவில் சாகும். நமது குளிரிலும் நிழலிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் உயிர்வாழும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயுற்ற பசு பெரும்பாலும் ஒரு தடவைதான் கன்று வீசும். அடுத்த முறை ஒழுங்காக ஈனக்கூடும். பார்வைக்குச் சுகமான அந்தப் பசு, பாலிலும் ஈற்றின்போதும் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

மனிதருக்கும் வரும்

1887 இல் மால்ட்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் இக்கிருமி வகையைக் கண்டறிந்தார். அங்கு காய்ச்சாத ஆட்டுப்பாலே நோயைக் கொண்டுவந்தது என்பது 1905 இல் தெரியவந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, சோர்வு என்பன அறிகுறிகள். வைத்தியரிடம் செல்லும்போது "எங்கள் பசு கன்று வீசியது" என்று மறவாமல் சொல்லுங்கள். மருந்தை ஆறு வாரமளவு தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வாங்குமுன் "இது கன்று வீசியதா?" என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனை செய்விக்க மிருக வைத்தியரை நாடுங்கள்.
2. கன்று வீசினால் பசுவைத் தனியே கட்டி, மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வேறு காரணங்களாலும் கன்று வீசலாம். பரிசோதனையே முடிவு சொல்லும்.
3. இளங்கொடியை வெறுங்கையால் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் அருகே போகவே கூடாது. நாய் தோண்டாதபடி ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். சாணக் குவியலில் எறியாதீர்கள்.
4. கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அது உரிய வயதில் போடப்பட வேண்டும்.
5. பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

நோயுற்ற பசுவுக்குப் பயன்தரும் சிகிச்சை இல்லை. அதனால் சொல்லாமல் விற்றுவிடும் எண்ணம் எழலாம். கடன் நெருக்கும்போது அது எவ்வளவு பெரிய சோதனை என்பதை நாம் அறிவோம். ஆனால் அதை வாங்குபவரும் நம்மைப்போல் மீண்டும் தொடங்கும் ஒருவராகவே இருக்கக்கூடும். அவரது கொட்டிலிலிருந்து நோய் நமது மேய்ச்சல் தரைக்கே திரும்பிவரும்.

கலந்துரையாடுவோம்

- நமது கிராமத்தில் சென்ற ஆண்டு எத்தனை பசுக்கள் கன்று வீசின? அவை இப்போது எங்கே?
- நோயுற்ற பசுவை இழக்கும் குடும்பத்துக்கு நமது சங்கம் எவ்வாறு தோள்கொடுக்கலாம்?