மார்கழிக் குருபூசையும் மழைக் கருவும்

மார்கழி பிறந்ததும் நம் திருமடங்களிலும் ஊர்க் கோயில்களிலும் இருவகை நாட்கணக்கு நடைபெறக் காண்கின்றோம். ஒன்று, நாயன்மார் சிவனடி சேர்ந்த நாளை மாதமும் நாண்மீனும் பற்றிக் குறித்துக் குருபூசை ஆற்றுங் கணக்கு. மற்றொன்று, பகலவன் பூராட நாண்மீனிற் செல்லுங் காலத்து மேகத்தின் போக்கை நோக்கி, வரும் ஆண்டின் மழையை அறியக் கருதுங் கர்ப்போட்டக் கணக்கு. இரண்டும் ஒரே பஞ்சாங்கத்தில் இடம்பெறுகின்றன. அதனால் இரண்டும் ஒரு தன்மையவே என்று கொள்வாரும், மழைக்குறி தவறியவிடத்துக் குருபூசை நாளையும் உடன் இகழ்வாரும் உளராயினர். இவ்விரண்டன் வேறுபாட்டை அளவை முறையான் ஆராய்தல் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாம்.

முதற்கண் அடியார் திருநாட்களை நோக்குவாம். மார்கழித் திங்களில் ஐந்து நாயன்மார்க்குக் குருபூசை நிகழும். திருவாதிரை, நம்பியாரூரர்க்குத் தந்தையாராகிய சடைய நாயனார்க்கு உரியது. உத்திரம், காவிரிப்பூம்பட்டினத்து இயற்பகை நாயனார்க்கு உரியது. சோதி, மகளின் கூந்தலைப் பஞ்சவடிக்கென அரிந்தளித்த மானக்கஞ்சாறர்க்கு உரியது. பூராடம், கல்லெறிதலையே பூசனையாகக் கொண்ட சாக்கியர்க்கு உரியது. இரேவதி, மனத்துள்ளே கோயில் அமைத்து வழிபட்ட மயிலை வாயிலார்க்கு உரியது. இவற்றுள் மாதம் ஞாயிறு தனு இராசியில் நிற்றலானும், நாள் திங்கள் அவ்வம்மீனைக் கூடுதலானும் அறியப்படும். இரண்டும் விண்மீன்களையே எல்லையாகக் கொண்டன என்பதை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இனி மழைக் கருவின் முறை வருமாறு. மார்கழியின் நடுப்பகுதியில், டிசம்பர்த் திங்கள் இறுதி தொடங்கி ஏறத்தாழப் பதினான்கு நாள் ஞாயிறு பூராடத்திற் செல்லும். அந்நாட்களில் மேகந் திரண்டு ஓடுதல் வானம் கருக்கொள்ளுதற்கு அடையாளமென்பது நம் உழவர் கொள்கை. இதற்கு மூலமாகிய கருத்து ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் இயற்றிய பிருகத் சங்கிதையிற் காணப்படும். ஆயின் அவர் கொண்டது ஞாயிறு நிற்கும் நாண்மீன் அன்று. மார்கசீரிட மாதத்து வளர்பிறையில் திங்கள் பூராடத்தை அடைதல் முதலாகக் கருவை நோக்குக என்றும், கருக்கொண்ட நாளினின்றும் 195 நாள் கழித்து மழை பிறக்கும் என்றும் அவர் விதித்தார். நூல் திங்களைக் கூற, நம் வழக்கு ஞாயிற்றைக் கொண்டது. மரபு இடம்பெயர்ந்துழித் திரிபெய்தும் என்பதற்கு இஃதொரு சான்று.

மற்றுமொன்று நோக்கற்பாலது. டிசம்பர் இறுதியினின்றும் 195 நாள் எண்ணின் ஆனி இறுதியும் ஆடி முற்பகுதியும் வரும். வராகமிகிரர் வாழ்ந்த அவந்தி நாட்டிற்குத் தென்மேல் பருவக்காற்றே மழை தருவது. ஆகலின் அவர் கணக்கு அந்நாட்டிற்குப் பொருந்தும் வாயிலுடையது. தமிழ்நாட்டிலோ ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி கார்த்திகைகளில் வடகீழ்க்காற்றால் வருவது. ஆகவே சோழநாட்டு உழவன் தன் வயலின்மேற் பெய்யும் மழைக்கு அக்கணக்கை நேரே பொருத்துதல் அமையாது. குடகுமலையிற் பெய்து காவிரியிற் பெருகி வரும் ஆடி நீருக்கு அது கூறப்பட்டதாகக் கொள்ளின் ஒருவாறு அமையும்.

இவ்வறிவு எவ்வளவையின்பாற் படும்? காட்சி, கருதல், உரை என மூன்றனுள் இது கருதலின்பாற் படும் என்பது வெளிப்படை. நியாய நூலுக்குப் பாடியஞ் செய்த வாற்சியாயனர், எழுந்த முகிலைக் கண்டு பெய்யவிருக்கும் மழையைத் துணிதலைப் பூர்வவத்து என்றும், ஆற்றின் பெருக்கைக் கண்டு மேலே பெய்த மழையைத் துணிதலைச் சேடவத்து என்றும் எடுத்துக்காட்டினார். முகிலும் மழையும் அணிமையில் நிற்றலின் முன்னையது வலியுடைத்து. மழைக் கருவிலோ ஏதுவுக்கும் சாத்தியத்துக்கும் இடையே ஆறரைத் திங்கள் கிடக்கின்றது. அவ்விடைக்காலத்தே காற்றின் மாறுபாடும் கடலின் வெப்பமும் பிறவும் புகுந்து தடுத்தல் கூடும். கருமேகம் ஓடிய ஆண்டெல்லாம் மழை பெய்தது, ஓடாத ஆண்டெல்லாம் பெய்திலது என்னும் வியாத்தி எவராலும் நிலைநாட்டப்படவில்லை. ஆதலின் அவ்வேது ஒருதலையாகத் துணிதற்கு உரியதன்று. அநைகாந்திகம் என்னுங் குற்றத்தின் நீங்காதது.

பழமொழிகளின் நிலையும் இத்தகையதே. கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை என்பர். பெரும்பான்மை பற்றி இஃது உண்மையே. மார்கழியில் வடகீழ்மழை ஓயத் தொடங்கும். ஆயினும் 1964 டிசம்பர் 22, 23 நாட்களில் தனுக்கோடியை அழித்த பெரும்புயல் மார்கழியில் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், மார்கழி பிறந்த அன்றே, தென்பாண்டி நாட்டைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை பதிவாயிற்று. பழமொழியை விதியென நம்பி ஏரிக்கரையைக் காவாதிருந்தான் ஒருவன் எனின், அவன் இழப்பது பயிர் மட்டுமன்று. பெரும்பான்மைக் கூற்றை முழுதுறழாக் கூற்றாகக் கொள்ளுதலின் தீங்கு இத்துணைத்து.

இவ்விடத்து ஒரு தடை நிகழ்த்துவர்: “பகலவன் வடக்கே திரும்பும் நாள் தை முதல் நாளென்று பஞ்சாங்கங் கூறுகின்றது, கண்கூடாக அவன் திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22, அஃதாவது மார்கழி ஆறு, ஏழாம் நாள். அயனமே பிழைத்தபின், அதனைப் பற்றிய திருவாதிரையும் குருபூசைகளும் பிழைபட்டனவாகாவோ?” என்று.

தடையின் முற்பகுதி உண்மையே. அயனப் புள்ளிகள் விண்மீன்களுக்கிடையே ஏறத்தாழ 72 ஆண்டிற்கு ஒரு பாகை பின்வாங்கும். கி.பி. 285ஐ ஒட்டித் தை முதல் நாளும் அயனமும் ஒன்றியிருந்தன என்று கணிதர் கொள்வர். இப்போது இடைவெளி 24 பாகையளவு. இவ்வாறே சென்றால் ஏறக்குறைய 13,000 ஆண்டில் மார்கழி கடுங்கோடையில் வரும். அந்நாளில் மார்கழிப் பனியைப் பற்றிய பழமொழியும், பூராடத்து மழைக் கருவும் ஒருங்கே பொருளிழக்கும். ஏனெனில் அவை பருவத்தைப் பற்றின. பருவமோ அயனத்தைப் பற்றியது.

பிற்பகுதியோ பொருந்தாது. குருபூசை நாள் பருவத்தைப் பற்றியதன்று. மேலே கூறியவாறு ஞாயிறு நிற்கும் இராசியும் திங்கள் கூடும் நாண்மீனும் பற்றியது. அயனம் எவ்வளவு நகரினும், ஞாயிறு தனுவில் நிற்பத் திங்கள் இரேவதியைக் கூடும் நாள் வாயிலார் திருநாளே ஆகும். அன்று பனி பெய்யினும் வெயில் எறிக்கினும் அந்நாளின் உரிமை குறைவதில்லை.

அற்றேல் தில்லைக் கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு அபிடேகங்கள் தேவர்களின் ஒருநாட் பூசையாக வைத்து எண்ணப்பட்டு, மார்கழித் திருவாதிரை வைகறையாகக் கூறப்படுதல் என்னையெனின்: மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணிச் சதுர்த்தசி, புரட்டாசிச் சதுர்த்தசி என்னும் ஏனைய ஐந்தும் உடன்வைத்து நோக்குக. மூன்று நாள் மீனானும், மூன்று நாள் திதியானும் வரையறுக்கப்பட்டன. ஒன்றேனும் அயனத்தான் வரையறுக்கப்பட்டிலது. வைகறை என்றது விளக்கத்தின்பாற் படும். நாள் விதியின்பாற் படும். விளக்கம் நெகிழினும் விதி நெகிழாது.

எனவே முடிபு இது: மழைக்குறி கருதலளவைக்கு உரியது, அது சோதிக்கப்படும், திருத்தப்படும், வேண்டின் கைவிடப்படும். குருபூசை உரையளவைக்கும் நன்றிக்கும் உரியது. மழை பெய்யுமென்று அதனை நாம் ஆற்றுவதில்லை. மணிவாசகர் திருவெம்பாவை இருபது பாட்டினுள் பதினாறாவதில் முகிலை நோக்கிப் பொழிக என்று வேண்டுதல் காண்க. ஆண்டு மழை முன்னறியப்படுவதன்று, இரக்கப்படுவது. அம்மையின் அருளுக்கு உவமையாய் நிற்பது. இரத்தல் வேறு, கணித்தல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாது இரண்டனையும் ஒன்றாக்கின், ஒரு கோடை பொய்த்ததும் இளைஞர் உள்ளத்தில் நாயன்மார் திருநாளும் பொய்யாய்விடும்.

ஆகலின் திருமடங்களிற் பாடஞ் சொல்லும் பெரியோர் இரண்டனையும் பிரித்துக் கற்பித்தல் கடன். மார்கழிப் பதினான்கு நாளின் மேகநிலையை நாடோறும் ஏட்டிற் குறித்து, மழையளவுக் கலம் ஒன்று வைத்து, ஆடியிலும் ஐப்பசியிலும் பெய்த அளவை எதிரெழுதி வருதல் நன்று. பல ஆண்டு எழுதின் வியாத்தி உளதோ இலதோ என்பது தானே புலப்படும். முன்னோர் மொழியை ஆராய்தல் அவரை அவமதித்தலன்று. அவர் வகுத்த அளவையை அவர் மொழிக்கும் பொருத்துதலே அவர்க்குச் செய்யும் வழிபாடாம்.

திருச்சிற்றம்பலம்.