கற்பனைக் கதைகளில் தெய்வ விருட்சம்

ஆங்கிலக் கற்பனைக் கதைகளை மாணாக்கர் விரும்பிப் படிக்கின்றனர். அவற்றில் வரும் தெய்வ விருட்சத்தைச் சுட்டி, "இஃது எதனைக் குறிக்கின்றது?" என்று அவர் வினாவுவாராயின், ஒரு சொல்லில் விடை பகர்தல் ஆசிரியர்க்கு எளிது, ஆயினும் தகாது. தகாமைக்குக் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த ரொல்கீன் (1892–1973) இயற்றிய சில்மரில்லியன் என்னும் நூல், அவர் மறைந்தபின் 1977இல் அவர் புதல்வராற் பதிப்பிக்கப்பட்டது. ஞாயிறுந் திங்களுந் தோன்றுமுன் இரண்டு விருட்சங்கள் ஒளி தந்தன என்று அந்நூல் கூறும். வெள்ளியொளி தருவது ரெல்பெரியன். பொன்னொளி தருவது லோரலின். ஒவ்வொன்றும் ஏழு மணி நேரம் ஒளி மிகுந்து குறையும். மெல்கோர் என்னுங் கொடியோன் சிலந்தி வடிவினளாகிய உங்கோலியந்துடன் கூடி அவ்விரண்டையும் அழித்தான். எஞ்சிய ஒரு மலர் சந்திரனாயிற்று. ஒரு கனி சூரியனாயிற்று.

ரெல்பெரியனின் சாயலாகப் படைக்கப்பட்ட மரத்தின் வழிவந்ததே, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளிவந்த "மோதிரங்களின் அதிபதி"யிற் காணும் கொந்தோர் நாட்டு வெண்மரம். நூமெனோர்த் தீவிலிருந்த மூலமரம் சவுரோனின் தூண்டுதலால் எரிக்கப்படுமுன், இசில்தூர் பல காயம்பட்டு அதன் கனியொன்றைக் கவர்ந்து காத்தான். அக்கனியின் சந்ததி கொந்தோரிலே தழைத்தது.

வெண்மரம் அரசனைக் குறிக்கும் என்று யாமும் முன்னர்க் கற்பித்தோம். ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, அரசர் வமிசம் 2050இல் அற்றது, மரமோ 2872இலன்றோ பட்டது?" என்றான். கதையின் ஆண்டுக் கணக்கின்படி அரசனின்றியும் மரம் 822 ஆண்டு உயிரோடிருந்தது. யாம் நாணினோம். பின்பு நூலை மீண்டும் ஓதியபோதே உண்மை புலப்பட்டது.

மரம் பட்டபோது நடுதற்குக் கன்று கிடைத்திலது. ஆயினும் அந்நாட்டார் பட்டமரத்தை வெட்டாது முற்றத்திலே நிற்கவிட்டனர். 147 ஆண்டின் பின், 3019இல், மலைச்சாரலிற் பனியின் விளிம்பிலே முளைத்து நின்ற ஒரு கன்றை அரகோர்ன் கண்டெடுத்தான். கன்றை நாட்டியபோதும் பழைய மரத்தை எரித்தாரல்லர். முன்னோர் துயிலும் இடத்திலே வணக்கத்தோடு கிடத்தினர்.

ஆதலால் அம்மரத்தின் கருத்து அதன் பெயரில் இல்லை. அதனை நட்டார், அழித்தார், காத்தார் என்போர் செயலிலே உள்ளது. பயன் காணாத காலத்தும் பேணுதல், உறங்கும் வித்தை இறந்ததென்று எண்ணாமை என்னும் இரண்டுமே கதை உணர்த்துவன. ஒன்றற்கொன்று நேராக உருவகப்படுத்திப் பொருள் கொள்ளுதலைத் தாம் விரும்பவில்லை என்று ரொல்கீனும் இரண்டாம் பதிப்பின் முகவுரையிற் கூறினார்.

ஆசிரியர்களே, மாணாக்கர்க்கு விடையை முந்திக் கொடாதிருமின். "நட்டவர் யார்? அழித்தவர் யார்? காத்தவர் யார்?" என்று வினாவுமின். பொருள் தானே முளைக்கும்.