முன்னொட்டுக்குப் பின் கோடு வேண்டுமா?

ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகள் ரீ, ப்ரீ, நான், ஆன்டி போன்ற முன்னொட்டுகளுக்குப் பின் ஹைபன் எனும் சிறுகோட்டைத் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. ரீரைட், ப்ரீஸ்கூல் எல்லாம் இன்று பெரும்பாலும் சேர்த்தே எழுதப்படுகின்றன.

ஆனால் கோடு பொருளையே மாற்றும் இடங்கள் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். வேலை ஒப்பந்தம் முடிந்து மறுபடி கையெழுத்திடுவது 'ரீ-சைன்'. கோட்டை விட்டுவிட்டால் அதே ஆங்கில எழுத்துகள் 'ரிஸைன்' ஆகிவிடும். அதாவது, ராஜினாமா! வேலையில் நீடிக்கச் சம்மதம் எழுதியவர், விலகுவதாக எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடுவார். நாற்காலிக்குப் புதிதாக உறை போடுவது 'ரீ-கவர்', நோயிலிருந்து தேறுவது 'ரிக்கவர்' என்பதும் இப்படித்தான்.

சுயதொழில் செய்பவரைக் குறிக்கும் 'செல்ஃப்-எம்ப்ளாய்டு' என்ற சொல்லுக்கும், 'முன்னாள்' என்ற பொருளில் வரும் 'எக்ஸ்' என்பதற்கும் கோடு கட்டாயம். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரோ ஆண்டோ பின்னால் வந்தாலும் போடவேண்டும்: நான்-இந்தியன், ப்ரீ-1947.

'கோ-ஆபரேட்' விஷயத்தில் பிரிட்டிஷார் பலர் கோடு போடுவார்கள், அமெரிக்கர்கள் சேர்த்தே எழுதுவார்கள். இரண்டும் சரியே, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.