கயிறு இழுத்தும் எழாத ஜெனரேட்டர்

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓடினால் அதிகம். மழைக்காலம் வருகிறதே என்று எடுத்துப் பார்த்தால், சோக் போட்டால் எழுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. பிளக் மாற்றியும் பலனில்லை. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். கோளாறு எங்கே என்று இன்ஜினே சொல்லிவிட்டது. சோக் காற்றைக் குறைக்கிறது. அதனால் கொஞ்சம் பெட்ரோல் வந்தாலே ஓடுகிறது. சோக்கை எடுத்ததும் காற்று கூடுகிறது, அதற்கேற்ற பெட்ரோல் வரவில்லை, அணைந்துவிடுகிறது. சோக்கிலாவது ஓடுகிறது என்றால் தீப்பொறி சரியாகத்தான் இருக்கிறது. பிளக்குக்குக் கொடுத்த காசு வீண்.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபின் உங்கள் பக்கத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது வாங்கிய மெஷின்களுக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு: கரண்ட் வந்த அன்றே, டேங்கில் பெட்ரோலோடு மூலைக்குப் போய்விடும். ஜெனரேட்டர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி கார்புரேட்டருக்குள் ஒட்டிக்கொள்கிறது. போதாததற்கு, இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

செய்ய வேண்டியது இது. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரின் அடியில் தொங்கும் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். வார்னிஷ் வாசனை வந்தாலோ, அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ டேங்க் முழுவதையும் காலி செய்யுங்கள். பழைய பெட்ரோலோடு புதியதைக் கலந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். கிண்ணத்துக்கு மேலே நடுவில் இருக்கும் பித்தளைத் திருகுதான் மெயின் ஜெட். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, மின் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை நுழைத்து எடுங்கள். ஊசி கூடாது. ஓட்டை ஒரு நூல் பெரிதானாலும் பிறகு கரும்புகைதான்.

சுத்தம் செய்தபின் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது என்றால் பைலட் ஜெட் என்னும் இன்னொரு சின்ன ஓட்டையிலும் அழுக்கு இருக்கிறது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடி நின்றால் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைந்திருந்தாலும் பெட்ரோல் இறங்காது. இனி எடுத்து வைக்கும் முன், டேப்பை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும்.

சோக் போட்டும் அறவே எழாத மெஷின் வேறு கதை. முதலில் ஆயிலைப் பாருங்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக் ஜெனரேட்டர்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியையே வெட்டிவிடும் சென்சார் உண்டு. மேடு பள்ளத்தில் சாய்த்து வைத்தாலும் அது ஏமாறும். நூறு தடவை கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றபின் அரை டம்ளர் ஆயிலில் எழுந்த மெஷின்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கேள்வி: இன்ஜின் அருமையாக ஓடுகிறது. ஆனால் ஒரு பல்புகூட எரியவில்லை. (மன்னார்குடி வாசகி)

பதில்: முதலில் பேனலில் இருக்கும் பிரேக்கரை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, ஓடும்போது சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சாதாரண ஜெனரேட்டர் தன் இரும்பில் எஞ்சியிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்துத்தான் மின்சாரத்தைத் தொடங்குகிறது. மீட்டர் சில வோல்ட் காட்டினால் அந்தக் காந்தம் இருக்கிறது. கார்பன் பிரஷ், வோல்ட்டைச் சீராக்கும் ஏ.வி.ஆர்., சில மாடல்களில் கெப்பாசிட்டர் பக்கம் பார்க்க வேண்டும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால், நெடுநாள் நின்றதில் காந்தம் போயிருக்கலாம், அல்லது காயில் அறுந்திருக்கலாம். பேட்டரி கொடுத்துக் காந்தத்தை எழுப்பும் வித்தையை வீட்டில் முயலாதீர்கள். இணைப்பு மாறினால் ஏ.வி.ஆர். போய்விடும்.

கேள்வி: அரை எச்.பி. மோட்டார் போட்டால் மட்டும் இன்ஜின் முக்கி நிற்கிறது. மெஷின் ஒரு கிலோவாட். (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: மெஷினில் குறையில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். உங்கள் ஒரு கிலோவாட் அதற்குக் காணாது.

கேள்வி: மழையில் வெளியே வைக்க முடியவில்லை. வராண்டாவில் வைத்து, இருபக்கமும் பிளக் மாட்டிய ஒயரால் சுவர் பாயிண்டில் செருகி வீடு முழுவதும் கரண்ட் எடுக்கிறோம். மெயினை அணைத்துவிடுகிறோம். இது சரிதானே? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: சரியே இல்லை, இரண்டுமே. வராண்டாவிலிருந்து புகை ஜன்னல் வழியே உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரையின் கீழ், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள்.

அந்த ஒயரை இன்றே வெட்டி எறியுங்கள். ஒரு முனை கழன்றால் கையில் இருப்பது 230 வோல்ட் உள்ள பித்தளை முள். மெயினை அணைப்பது உங்கள் ஞாபகத்தை நம்பிய ஏற்பாடு. ஒரு ராத்திரி யாராவது மறந்தால் உங்கள் மின்சாரம் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் திசை பார்க்காது. வீட்டுக்கு வரும்போது 11,000 வோல்ட்டைக் குறைப்பது, எதிர்த்துப் போகும்போது அதே அளவுக்கு ஏற்றும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துத்தான் கை வைப்பார்.

உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதில் மின்வாரியமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. அதுவரை ஜெனரேட்டரிலிருந்து நேராக ஃப்ரிட்ஜுக்கு ஒரு தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர், விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்னொன்று. பெட்ரோல் ஊற்றுவதென்றால் மெஷினை அணைத்து, சைலன்சர் ஆறியபின்.