இத்தாலிய மொழியில் எத்தனை மணிக்குச் சந்திப்போம்?



மொழிப் பாடம் எழுத நான் பண்டிதன் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா மாணவன். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒருவரைக் காக்க வைத்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பயிற்சிக்குப் போன மில்லில் புது மெஷின் மாட்ட இத்தாலியிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். நூலகப் புத்தகத்தில் நாலு வார்த்தை படித்த தைரியத்தில், "நான் கேட்டுச் சொல்றேண்ணே" என்று ஃபோர்மேனிடம் முந்திக்கொண்டேன். அப்போது காலை 11 மணி. எப்போது மெஷினை ஓட்டலாம் என்றேன். "ஃப்ரா தூவே ஓரே" என்றார். 'தூவே' என்றால் இரண்டு. எலக்ட்ரீஷியனை 2 மணிக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னதோ "இரண்டு மணி நேரத்தில்", அதாவது 1 மணிக்கு! எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போய்விட்டார். பாவம், அந்த மனிதர் மெஷின் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றார். ஃபோர்மேன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனி பாடத்துக்கு வருவோம்.

1. பேச்சில் 'ஓரே' வந்தால் பெரும்பாலும் அது எத்தனை மணி நேரம் என்ற அளவு. கடிகார மணிக்குப் பேச்சில் பொதுவாக அந்தச் சொல் வராது, 'அல்லே' போதும். 2 மணிக்கு: அல்லே தூவே. 3 மணிக்கு: அல்லே த்ரே. 1 மணி மட்டும் ஒருமை: அல்லூனா.

2. காலும் அரையும் நமக்குச் சுலபம். நாலேகால்: க்வாத்ரோ ஏ உன் க்வார்த்தோ. நாலரை: க்வாத்ரோ ஏ மெட்ஸா. நாலேமுக்கால்: க்வாத்ரோ ஏ த்ரே க்வார்த்தி. அப்படியே நம்ம கணக்கு! 'ஐந்துக்குக் கால் குறைவு' என்றும் சொல்வார்கள்: ச்சிங்க்வே மேனோ உன் க்வார்த்தோ.

3. ரயில் நேரம் 24 மணிக் கணக்கில் வரும். 'ஸேய்' 6, 'ஸேதிச்சி' 16. அரைகுறையாகக் காதில் வாங்கினால் ரயில் போய்விடும்.

4. எத்தனை மணிக்குச் சந்திப்போம்: ஆ கே ஓரா ச்சி வெதியாமோ? பெரியவரிடம் "உங்களுக்குச் சரிப்படுமா?" என்பது 'லே வா பேனே?'. நண்பனிடம் 'தி வா பேனே?'. சரி என்றால் 'வா பேனே'. முடியாவிட்டால் 'மி திஸ்பியாச்சே, நோன் போஸ்ஸோ', அதாவது மன்னிக்கணும், முடியாது.

கடைசியாக ஒன்று. கேட்ட நேரத்தைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "அல்லோரா, அல்லூனா?" அப்போ, ஒரு மணிக்குத்தானே? அன்று இந்த இரண்டு சொல்லை நான் கேட்டிருந்தால் போதும், அவர் நின்றிருக்க மாட்டார்.