வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் வாசித்தறிய வேண்டிய தாள்

சென்ற ஆண்டு சம்பா அறுவடை முடிந்த சமயம், பாலாற்றங்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த விவசாயி ஒருவர் எங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். வீடு கட்டும் திட்டத்தில் தமக்கு வரவேண்டிய தவணையைப் பற்றி விசாரித்துவிட்டு எழுந்தவர், “ஐயா, பையன் வருகிற வியாழக்கிழமை துபாய்க்குப் புறப்படுகிறான். இந்த விசாவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்” என்று மடித்த தாள் ஒன்றை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்த அத்தாளில், சுற்றுலா என்றும் அறுபது நாள் என்றும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. வேலை என்ற சொல்லே அதில் இல்லை. அதற்காக அவர் நாற்பது சென்ட் நஞ்சையை ஒத்தி வைத்து ஒன்றரை இலட்ச ரூபாய் கொடுத்திருந்தார்.

“பெரியவரே, இது வேலைக்குரிய விசா அன்று” என்றேன். “போன பிறகு மாற்றிக் கொடுத்துவிடுவதாக ஏஜெண்டு சொல்கிறார் ஐயா” என்றார்.

இவ்விடத்தில் என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிராமத்துத் தகப்பனார் இதேபோன்ற தாளோடு என்னிடம் வந்தபோது, நான் அதை வாசியாமலே பையனை வாழ்த்தி அனுப்பினேன். அவன் நான்கு மாதம் சம்பளமின்றி ஓர் அறையில் ஒளிந்திருந்து, உறவினர் கடன் வாங்கி அனுப்பிய பணத்தில் ஊர் திரும்பினான். பட்டா, சிட்டா, மதிப்பீடு என்று எத்தனையோ தாள்களை வரிவரியாக வாசிக்கும் நாம், ஒரு குடும்பத்தின் நிலத்தையே விழுங்கக்கூடிய இந்தத் தாளை மட்டும் வாசிப்பதில்லை. பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனை வாசித்தறியும் முறையைத் தெரிந்துகொள்வது மிக அவசியமாகும்.

முதலாவதாக, விசா வேறு, வேலை அனுமதி வேறு. விசா என்பது ஒரு நாட்டின் வாயிலைத் திறக்கும் சீட்டு. வேலை அனுமதியோ, இன்ன முதலாளியிடம் இன்ன வேலை செய்யலாம் என்று அந்நாட்டு அரசாங்கம் தரும் உத்தரவு. அதற்கு விண்ணப்பம் செய்பவர் முதலாளியே, தொழிலாளி அல்லர். ஆகவே இத்தகைய வேலை அனுமதியில் பொதுவாக முதலாளியின் பெயர் இருக்கும். “விசா கையில் இருக்கிறது, கம்பெனி பிறகு தெரியும்” என்று ஒருவர் சொன்னால், அவரிடம் விற்பதற்கு வேலை இல்லை என்பதே பொருள்.

ஐக்கிய அரபு நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே முதலாளி மனிதவள அமைச்சகத்தின் வழியாக வேலை அளிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை முதலிய ஷரத்துகள் அதில் இருக்கும். தொழிலாளி அதில் கையொப்பமிட்ட பிறகே வேலைக்குரிய நுழைவு அனுமதி வரும். அங்கு சென்றதும் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை ஆகியவை தொடரும். நம்மவர் பலர் அறியாத விஷயம் யாதெனில், அக்கடிதம் அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் தரப்பட வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. தமிழ்ப் படிவத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

சுற்றுலாவாகச் சென்றபின் வேலை விசாவாக மாற்றவே இயலாது என்று நான் சொல்ல மாட்டேன். முதலாளி ஒருவர் முன்வந்தால் மாற்ற வழி உண்டு. முன்வராவிட்டால் என்ன ஆகும்? அனுமதி நாள் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் ஏறும். அந்த நிலையில் செய்யும் வேலைக்குக் கூலி கிடைக்காவிட்டால், புகார் கொடுக்கப் போனவனே குற்றவாளியாக நிற்க நேரும். அனுமதியின்றி ஆள் வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 2024-ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு இலட்சம் திர்ஹாம் முதல் பத்து இலட்சம் வரை அபராதம் விதித்துச் சட்டம் செய்தது. எனவே ஒழுங்கான முதலாளி இவ்விதம் வருபவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவான்.

வளைகுடாவில் ‘ப்ரீ விசா’ என்றொரு சரக்கும் விற்கப்படுகிறது. ஒருவர் பெயரில் விசா எடுத்து, வேறிடத்தில் விருப்பம்போல் வேலை செய்யலாம் என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விசா இல்லை. பெயரளவில் முதலாளியாக இருப்பவருக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டிக்கொண்டு, பிடிபட்டால் நாடு கடத்தப்படும் வாழ்க்கையே அது. குவைத்துக்குப் போகிறவர்கள் எண்ணையும் பார்க்க வேண்டும். 18-ஆம் எண் விசா தனியார் கம்பெனிக்கு. 20-ஆம் எண் விசா வீட்டு வேலைக்கு. ஓட்டல் வேலை என்று சொல்லி 20-ஆம் எண்ணைக் கொடுத்தால், வேலையும் வேறு, பாதுகாக்கும் சட்டமும் வேறு. கத்தார் நாடு 2020-ஆம் ஆண்டில், பழைய முதலாளியின் சம்மதமின்றியே தொழிலாளி வேறு முதலாளியிடம் மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலியாக மாதம் 1,000 ரியாலை நிர்ணயித்தது. வளைகுடா முழுவதும் ஒரே விதி என்று எண்ணலாகாது.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்கள் விசா இன்றியே முப்பது நாள் சென்றுவர அனுமதிக்கப்பட்டனர். ஏஜெண்டுகளுக்கு இது பெரிய வசதியாகிவிட்டது. பார்த்துவரச் செல்லும் அனுமதியை வேலைக்கான வழி என்று விற்கிறார்கள். முறையான வழி, முதலாளி முன்கூட்டி ஒப்புதல் பெற்று அனுப்பும், நம்மவர் ‘காலிங் விசா’ என்று சொல்லும் விசாவே. அங்கே சேர்ந்த பின் மருத்துவப் பரிசோதனை முடிந்து, தற்காலிக வேலை அனுமதி கிடைக்கும். புதிதாகச் செல்பவரின் வயது 18-க்கும் 45-க்கும் இடையே இருக்க வேண்டும். அனுமதிக் காலம் கடந்து தங்குவோருக்கு அந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டவிரோதமாக உள்ளே நுழைந்தவனுக்குப் பிரம்படியும் உண்டு.

சிங்கப்பூரில் ஒழுங்கு அதிகம். கட்டட வேலை, கப்பல் பட்டறை முதலியவற்றுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ‘வொர்க் பெர்மிட்’. அதற்கு மேல் ‘எஸ் பாஸ்’, அதற்கும் மேல் படித்த உத்தியோகஸ்தர்களுக்கான ‘எம்ப்ளாய்மெண்ட் பாஸ்’ என்று சம்பளத்தையும் தகுதியையும் ஒட்டிப் படிகள் உள்ளன. எஸ் பாஸ் என்று பணம் வாங்கிக்கொண்டு வொர்க் பெர்மிட்டில் ஏற்றிவிடுவது சாதாரண மோசடி. புறப்படுமுன் ‘ஐ.பி.ஏ.’ எனப்படும் கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தைத் தொழிலாளியின் தாய்மொழியில் முதலாளி அனுப்பியாக வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் யாவும் குறிக்கப்பட்டிருக்கும். வொர்க் பெர்மிட்காரருக்காக முதலாளி அரசாங்கத்துக்குச் செலுத்தும் மாத வரியையும் 5,000 வெள்ளி பிணைத்தொகையையும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. அயல்நாட்டுக் கோயில் திருப்பணிக்கு நம் உளிகள் போவது பெருமையே. ஆனால் அழைக்கும் கோயில் நிர்வாகமே அந்நாட்டில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். தாளில் உள்ள தொழிலின் பெயரும் செய்யப்போகும் தொழிலும் ஒன்றாயிருக்க வேண்டும். கல் தச்சரைத் துப்புரவாளர் என்று எழுதி அழைத்தால், குறை அழைப்பவருடையதாயினும் அகப்படுபவர் இவரே.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘இ.சி.ஆர்.’ என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குச் செல்லுமுன், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இது தடை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் முதலாளி யார், சம்பளம் என்ன என்று நமக்காக அரசாங்கம் வாசித்துப் பார்க்கும் ஏற்பாடு இதுவே. சுற்றுலா விசாவில் அனுப்பும் ஏஜெண்டு, “விமான நிலையத்தில் கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்” என்று கற்பிப்பது இந்த வாசிப்பைத் தவிர்க்கத்தான். பத்தாவது தேறியவருக்கு இந்தச் சோதனை இல்லை. ஆகவே அவரே தம் தாளை இரு மடங்கு கவனமாக வாசிக்க வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் கல்லாதவர்கள் அல்லர். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்நாடுகளில் வீட்டு வேலைக்குச் செல்ல முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் மகளிர் குழுக்களில் தெரிவிக்க வேண்டும்.

பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கத்தக்க கட்டணம் ரூ. 30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வரி. இரசீது கட்டாயம். அவர் பெயர் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் இருக்கும். இ-சேவை மையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுகளைச் சேகரிக்கும் துணை ஏஜெண்டு என்ற ஒருவரைச் சட்டம் அறியாது. குடிபெயர்வு அனுமதி பெறுவோர் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், ரூ. 275 கட்டினால் இரண்டாண்டுகளுக்கு விபத்து மரணம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்குப் பத்து இலட்சம் வரை பாதுகாப்பு உண்டு. சுற்றுலா விசாவில் சென்றவனின் குடும்பத்துக்கு இதுவும் இல்லை. ஏஜெண்டே வேண்டாமென்பவர்களுக்கு, 1978-இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நம் மாவட்டத்தார்க்கு அரை நாள் பிரயாணம்.

1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதன்பின் பல்லாண்டுகள் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களின் உழவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்நாளிலும் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பெயரிலேயே ஓர் அதிகாரி இருந்தார். ஆனால் ஒப்பந்தத் தாளை அவர்களால் வாசிக்க முடியவில்லை. இன்று அதே தாள் தமிழில் கிடைக்கிறது. நாம் கேட்டு வாங்குவதில்லை.

பாலாற்றங்கரை விவசாயியின் மகன் அந்த வியாழக்கிழமை புறப்படவில்லை. ஏஜெண்டு தொண்ணூறாயிரத்தைத் திருப்பித் தந்தார். மீதிக்காகக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். நஞ்சை இன்னும் ஒத்தியில்தான் இருக்கிறது. பையன் ஒரகடத்தில் வேலை செய்துகொண்டே, சிங்கப்பூர்க் கட்டடத் தொழிலுக்கான திறன் தேர்வுக்குப் பயிற்சி பெறுகிறான்.

அடுத்த கிராம சபையில் உறுப்பினர்கள் ஒரு கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன். வெளிநாடு புறப்படுபவர் பாஸ்போர்ட், விசா, வேலை அளிப்புக் கடிதம், பணம் கட்டிய இரசீது ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒரு படியும், நம்பிக்கையான உறவினரிடம் ஒரு படியும் விட்டுச் செல்லட்டும். தொல்லை நேர்ந்தால் இந்தியத் தூதரகத்துக்கோ, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்துக்கோ, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கோ எழுதும்போது முதலில் கேட்கப்படுபவை அவையே.