வயல்வெளியில் வல்லூறுகளை இனம் அறிதல்

கோழிக்குஞ்சு ஒன்று காணாமற் போனால், அதைக் கீரி கொண்டுபோனதாயினும் பருந்து கவ்விச் சென்றதாயினும், பழி வல்லூற்றின் மேல் விழுகிறது. மறுநாள் முதல், வளைந்த மூக்குடன் எது பறந்தாலும் சிறுவர்கள் கவண் எடுக்கிறார்கள். நம் சங்க அங்கத்தினர்களில் கோழி வளர்ப்போரும் நெல் பயிரிடுவோரும் இருப்பதால், இவ்விஷயத்தைச் சற்று நிதானமாகக் கவனிப்பது நலம்.

வல்லூறு என்னும் ஒரே பெயரால் கிராமங்களில் இருவேறு ஜாதிப் பக்ஷிகள் வழங்கப்படுகின்றன. ஒன்று, தோப்பில் இலை மறைவில் பதுங்கியிருந்து ஓணானையும் அணிலையும், அகப்பட்டால் கோழிக்குஞ்சையும் பிடிப்பது. அதன் சிறகு குட்டையாயும் நுனி வட்டமாயும் இருக்கும். வளர்ந்த பறவையின் கண் சிவந்தோ மஞ்சளாகவோ காணும். மற்றதே அசல் வல்லூறு. அதன் சிறகு நீண்டு, அரிவாளைப் போலக் கூர்ந்து முடியும். கண் கறுப்பு, அதன்கீழ் மீசைபோல ஒரு கரிய கோடு இறங்கும். மேலலகின் ஓரத்தில் பல்லைப் போன்ற ஒரு முனை உண்டு. அதனால் இரையின் கழுத்தைக் கடித்து முறிக்கும். முன்னதோ கால்நகங்களின் பிடியாலேயே கொல்லும். தோற்றம் எப்படியிருப்பினும், இவ்விரண்டும் நெருங்கிய உறவல்ல. அசல் வல்லூறு பருந்தைவிடக் கிளிக்கே கிட்டிய உறவு என்று 2008-ஆம் வருஷத்தில் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. கிளியை அடித்துத் தின்னும் பறவைக்குக் கிளியே பங்காளி என்பது வேடிக்கைதான்.

இவ்வகையில் பெரியது பைரி. மலைப்பாறைகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் தங்கும். புறாவைக் கண்டு மேலிருந்து பாயும்போது அதன் வேகம் மணிக்கு 200 மைலையும் தாண்டும். பறக்கும் பறவையே அதற்கு முக்கிய இரை. செந்தலை வல்லூறு பனைகள் நிற்கும் வெட்டவெளியை விரும்புவது; ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேட்டையாடும். இந்த ஜாதி எதுவும் தானாகக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ, காக்கை விட்டுப்போன கூட்டிலோ முட்டையிடும். ஆகையால், மரத்திலுள்ள பழங்கூட்டைக் கலைப்பது சில சமயம் இதன் வீட்டைக் கலைப்பதாகும்.

விவசாயிக்கு மிகவும் வேண்டியது செங்கல் நிற முதுகுடைய சிறு வல்லூறு. ஐப்பசி முதல் பங்குனி வரை சமவெளியில் காணலாம். வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். உடல் அசைந்தாலும் தலை அசையாது. சற்று இறங்கும், மறுபடியும் நிற்கும், பின் நேரே தரையில் விழும். வெட்டுக்கிளி, பல்லி, சுண்டெலி ஆகியவை அதன் ஆகாரம். வெண்சாம்பல் நிறமும் கருந்தோளும் சிவந்த கண்ணும் உள்ள ஒரு சிறு பருந்தும் இப்படி நிற்பதுண்டு. அது எலியைத் தேடுவது. அதையும் விரட்ட வேண்டாம்.

கவண்கல்லைக் காட்டிலும் நான் அஞ்சுவது விஷத்தையே. டி.டி.டி. பரவலாகத் தெளிக்கப்பட்ட காலத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பைரியின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே உடைந்தது. 1960-களின் நடுவில் கிழக்கு அமெரிக்காவில் அது குஞ்சு பொரிப்பதே நின்றுபோயிற்று. 1972-இல் அங்கு அம்மருந்து தடுக்கப்பட்டு, வளர்த்த குஞ்சுகளை வெளியில் விட்ட பின்னரே இனம் மீண்டது. நம் நாட்டில் பயிருக்கு டி.டி.டி. போடுவது 1989-இல் விலக்கப்பட்டது. ஆயினும் இரத்தம் உறையாமற் செய்யும் எலி மருந்துகள் இப்போதும் விற்கின்றன. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து வெளியில் திரியும். அதைச் சுலபமாகப் பிடித்துத் தின்னும் பறவைக்கும் விஷம் ஏறும். சங்கத்தின் மூலம் எலி மருந்து வாங்கும் அங்கத்தினர்கள், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். கிட்டியும் பொறியும் போதுமான இடத்தில் மருந்தே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குஞ்சுகளை முதல் சில வாரங்கள் வலையிட்ட கூண்டில் வைத்தால் ஆகாயத்துப் பயம் பெரும்பாலும் தீரும். வல்லூறுகளைக் கொல்வதும் அவற்றின் குஞ்சுகளை எடுப்பதும் 1972-ஆம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைக் கவண் எடுக்கும் சிறுவர்களின் தகப்பனார்களும் அறிந்திருக்க வேண்டும்.